70 சதம்

போன வருடம் ஏப்ரல் சீசனுக்கு டொராண்டோவிலிருந்து அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். நுவரெலியாவில் மூன்று இரவுக்கு ஹோட்டல் எடுத்திருந்தார்கள். சீசன் விலை எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் நாள் மாலை ஹட்டனில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன்பே பையிலிருந்து ஒரு நீல ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார். "தங்கச்சி, இத ஒருக்கா வாசிச்சுப் பாரு. உறுதி வாசிக்கிறது ஒன் வேல தானே."

வேலை அதுதான். ஹட்டனில் ஒரு பிரசித்த நொத்தாரிசின், அதாவது காணி உறுதிப் பத்திரங்களை எழுதிக் கொடுப்பவரின், அலுவலகத்தில் 19 வருடமாக எழுத்தராக இருக்கிறேன். விற்பனை உறுதி, நன்கொடை உறுதி, ஈடு, குத்தகை எல்லாம் கையால் எழுதிய காலத்திலிருந்து கம்ப்யூட்டரில் அடிக்கும் காலம் வரை பார்த்தாயிற்று. அந்த ஃபைலில் இருந்தது மாதிரி ஒன்றை மட்டும் அதுவரை தொட்டதில்லை. ஃபுளோரிடாவில், ஒர்லாண்டோ நகரத்தில், ஒரு விடுமுறை விடுதியில் இரண்டு அறை கொண்ட ஒரு வீடு. அந்த வீட்டில் வருடத்தின் 31ஆம் வாரம், அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில் 7 நாள், அண்ணனுக்கும் அண்ணிக்கும் சொந்தம். பிரிக்கப்படாத 52இல் ஒரு பங்கு. டைம்ஷேர் என்று இதைச் சொல்கிறார்கள். காலக்கெடு இல்லை, அவர்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு. 2015இல் கட்டியவர்களிடமே நேராக வாங்கியது, 19,000 அமெரிக்க டாலர். அதன் கீழே இன்னொரு கடதாசி: அதே விடுதியில் 32ஆம் வாரத்துக்கான விலைக் குறிப்பு, 21,500 டாலர். மகளுக்குக் கல்யாணம் வருகிறது. சீதனம் என்று அண்ணன் சொல்லவில்லை, ஆனால் அவர் மனதில் அப்படித்தான் இருந்தது.

அண்ணனுக்கு விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்: இந்த வாரத்தைக் கொடுத்து, பரிமாற்றக் கம்பெனி மூலம் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் ஒரு வாரம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வருடம் அந்தப் பக்கம், ஒரு வருடம் ஊர்ப் பக்கம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தப் பரிமாற்றம் பொய்யில்லை. 1974இல் தொடங்கிய ஆர்.சி.ஐ. போன்ற கம்பெனிகள் அதைத்தான் செய்கின்றன. சந்தாவும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கட்டணமும் வாங்கிக்கொண்டு. ஆனால் அண்ணன் கேட்ட திகதிக்கு, கேட்ட மலைக்கு, ஒருமுறைகூட அமையவில்லை. ஒரு வாரத்தைச் சொந்தமாக வைத்திருப்பவர், நுவரெலியாவில் சீசன் விலைக்கு அறை எடுத்துத் தங்கிக்கொண்டுதான் இரண்டாவது வாரம் வாங்குவதைப் பற்றி என்னிடம் கேட்டார்.

தட்டுமாறு

மறுநாள் அலுவலகத்தில் நொத்தாரிசு ஐயாவிடம் இதைச் சொன்னேன். வாரத்தைச் சொந்தமாக்குவதா என்று அவர் வியப்பார் என நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தட்டுமாறு" என்றார் ஒரே வார்த்தையில்.

கண்டிப் பக்கத்து வயல் உறுதிகளில் அந்தச் சொல்லை நானும் பார்த்திருக்கிறேன். நான்கு அண்ணன் தம்பிகளுக்கு ஒரே வயல். நாலாகப் பிரித்தால் ஒருவருக்கும் விளையாது. அதனால் வயலைப் பிரிக்காமல் காலத்தைப் பிரிப்பார்கள். இந்த வருடம் முழு வயலையும் மூத்தவன் விதைப்பான், அடுத்த வருடம் இரண்டாமவன். நாலு வருடத்துக்கு ஒருமுறை முறை வரும். அவனுக்கு நாலு பிள்ளைகள் என்றால் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 16 வருடத்துக்கு ஒருமுறை. பங்கு தேயத் தேய, முறை வருவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஐயா சொன்னார். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குக்குப் போகும் குடும்பங்களில் இப்படித் தேய்ந்த பங்குக்காரர்களும் உண்டு. அப்புறம் ஐயா கேட்ட கேள்விதான் எனக்குள் தைத்தது. "தட்டுமாறுல, முறை இல்லாத வருஷத்துக்கு யாராவது பில் அனுப்புவாங்களா?"

அண்ணனின் ஃபைலைத் திரும்பப் புரட்டினேன். பின்பக்கத்தில் பில்கள் இருந்தன. பராமரிப்புக் கட்டணம் 2015இல் 740 டாலர், போன வருடம் 1,260 டாலர். போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். கொரோனா வந்து ஒருவரும் எங்கும் போகாத வருடத்துக்கும் பில் இருந்தது.

முத்திரை

எங்கள் தொழிலில் யாராவது ஒரு காணி வாங்கப்போகிறேன் என்று வந்தால், முதலில் காணிப் பதிவகத்துக்குப் போய் ஏடு பார்ப்போம். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, என்ன விலைக்கு என்று 30 வருடக் கதையை எழுதி எடுப்போம். விற்கிறவர் வாயால் சொல்வது எங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை, ஏடு சொல்வதுதான் முக்கியம். அன்று இரவு சாப்பாடு முடிந்து படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது: இதற்கு மட்டும் ஏன் ஏடு பார்க்காமல் இருக்கிறேன்?

அண்ணனின் உறுதி பதிவாகியிருந்தது ஒர்லாண்டோ இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில். அங்கே பதிவேடுகளை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். நுவரெலியாப் பதிவகத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் காத்து நின்று பழகிய எனக்கு, ஹட்டனில் போர்வைக்குள் படுத்தபடி அமெரிக்காவின் காணி ஏட்டைத் திறக்க முடிந்தது பெரிய விஷயம். முதலில் அண்ணனின் உறுதியையே தேடி எடுத்தேன். மேல் மூலையில் பதிவு முத்திரை, அதில் ஒரு குறிப்பு: உறுதி வரி, அதாவது உறுதிக்குக் கட்டிய முத்திரை வரி, 133 டாலர். ஃபுளோரிடாவில் முத்திரை வரி, விலையில் 100 டாலருக்கு 70 சதம். 19,000க்கு 133. கணக்குச் சரி.

பிறகு அதே விடுதியின் பெயரை வைத்து, கம்பெனி விற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஆள் ஆளுக்கு விற்ற உறுதிகளை மட்டும் பார்த்தேன். 29ஆம் வாரம், அதே அளவு வீடு, அதே கட்டடம். உறுதி வரி 70 சதம். அடுத்தது, 70 சதம். அதற்கடுத்ததும் 70 சதம். 70 சதம் என்றால் விலை 100 டாலரோ அதற்கும் கீழோ என்று அர்த்தம். அப்பா மகனுக்கு எழுதியதாக இருக்கும் என்று நினைத்து, குடும்பப் பெயர்கள் ஒன்றாக இருந்தவற்றைத் தள்ளினேன். இங்கே வரியைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. முதல் இலட்சத்துக்கு 3 வீதமும் அதற்கு மேல் 4 வீதமும் கட்ட வேண்டியிருக்கிறதே. அங்கேயும் அப்படியோ என்ற சந்தேகத்தில் விற்பனை விளம்பரங்களையும் தேடினேன். அதே விடுதியின் வாரங்கள் 1 டாலருக்குக் கிடந்தன. மாற்றும் செலவையும் விற்கிறவரே கட்டுவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அன்று இரவு நான் பார்த்த, உறவுக்காரர்கள் அல்லாதவர்களின் 11 உறுதிகளில் 9 உறுதிகள் 70 சதம். ஒன்று 3 டாலர் 50 சதம், ஒன்று 10 டாலர் 50 சதம். அதிகம் போனதே 1,500 டாலர்தான்.

ஃபோனை அணைத்துவிட்டு வெகுநேரம் விழித்திருந்தேன். அண்ணன் டொராண்டோவில் இரவு ஷிஃப்ட் வேலை செய்து கட்டிய பணம் அது. இன்றைய கணக்கில் 50 இலட்சம் ரூபாய்க்கு மேல்.

விலை எங்கே போனது

வாங்கிய பொருளின் விலை ஏறும் என்பது நம் இரத்தத்தில் ஊறியது. காணி ஏறும், தங்கம் ஏறும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, ஓடித் தேய்ந்த வேன்கூட வாங்கிய விலைக்கு மேல் போனதை நாம் கண்ணால் பார்த்தோம். அதனால் ஒரு வீட்டின் 52இல் ஒரு பங்கு, கைமாறிய மறுநாளே ஏன் ஒன்றுமில்லாமல் போகிறது என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்க ஒரு வாரம் எடுத்தது.

அந்தப் பங்கு தரும் சுகம் என்ன? வருடத்தில் 7 இரவு. அதே அளவு அறையை அதே வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தால் 1,300 டாலர் ஆகும் என்று வையுங்கள். உரிமையாளர் கட்டும் பராமரிப்பு 1,260 டாலர். அப்படியானால் அந்த உறுதி அவருக்கு வருடத்தில் மிச்சப்படுத்துவது 40 டாலர். 40 டாலர் மிச்சம் தரும் ஒரு கடதாசிக்கு யார் 19,000 கொடுப்பார்கள்? கட்டணம் வாடகையைத் தாண்டிவிட்டால் அது சொத்தே இல்லை, தலையில் ஏறிய கடன். அதனால்தான் 1 டாலருக்குக் கொடுக்கிறார்கள். அவர்கள் விற்கவில்லை, இறக்கி வைக்கிறார்கள்.

அப்படியென்றால் முதல் ஆள் கொடுத்த 19,000 எங்கே போனது? அதில் பாதிக்குக் கிட்ட விற்பதற்கே செலவாகிறது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களே மறுப்பதில்லை. இலவச டிக்கெட், காலைச் சாப்பாடு, 90 நிமிடம் என்று சொல்லி அரை நாள் உட்கார வைக்கும் அந்த விற்பனை அறை, விற்றவரின் கொமிஷன், அவருக்கு மேலே இருப்பவரின் கொமிஷன். "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்" என்று சொல்லும் இடத்தில், அந்த விலையை வேறு எங்கும் ஒப்பிட்டுப் பார்க்க நேரமே கிடையாது. வாங்குகிறவர் அங்கே தானாக வந்து கேட்பதில்லை; அந்த அறையில்தான் அவரை வாங்குகிறவராக ஆக்குகிறார்கள். இரண்டாவது கைக்கு விற்க நினைக்கும் அண்ணனிடம் அந்த அறை இல்லை, அந்தச் சாப்பாடு இல்லை. கம்பெனி கொடுக்கும் கடனும் இல்லை. வட்டி வருடத்துக்கு 15 வீதம் என்றாலும், "மாசம் இவ்வளவுதான்" என்று காட்டி வாங்க வைப்பது அந்தக் கடன்தான்.

ஒரு விஷயத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஃபுளோரிடாச் சட்டப்படி, கையெழுத்து வைத்த பிறகு, அல்லது கொடுக்க வேண்டிய கடதாசிகளில் கடைசி கையில் கிடைத்த பிறகு, 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் எழுத்தில் அறிவித்து ரத்துச் செய்யலாம். அண்ணன் வாழும் ஒன்டாரியோவிலும் இப்படியான ஒப்பந்தத்துக்கு 10 நாள், ஐரோப்பாவில் 14 நாள். அண்ணனின் ஒப்பந்தத்திலேயே அது அச்சாகியிருந்தது. ஆனால் அந்த 10 நாளில் 7 நாள் அவர் பிள்ளைகளோடு அங்கேயே விடுமுறையில் இருந்தார். வீட்டுக்கு வந்து ஃபைலை அலுமாரியில் வைத்தார். அவ்வளவுதான்.

அண்ணன் சொன்னது

அவர்கள் டொராண்டோவுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் பிள்ளைகள் குதிரை பார்க்கப் போயிருந்தார்கள். நானும் அண்ணனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் கண்டுபிடித்ததை எல்லாம் சொன்னேன். ஃபோனில் 70 சத உறுதிகளைக் காட்டினேன். "மகளுக்கு வாங்கித்தான் ஆகணும்னா ரீசேல்ல, பழைய ஓனர்கிட்ட இருந்து வாங்குங்கண்ணே. அதே கட்டடம், அதே அறை, அதே சாவி" என்றேன். எனக்குள் கொஞ்சம் வெற்றி இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். 19 வருடத் தொழில் ஒருநாள் என் அண்ணனுக்கே உதவியது என்ற வெற்றி.

அண்ணன் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். கோபப்படவில்லை. "தெரியும் தங்கச்சி" என்றார்.

தெரியுமாம். நாலைந்து வருடத்துக்கு முன்பே கூட வேலை செய்பவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

"அப்புறம் எதுக்குண்ணே திரும்பப் போய் அவங்ககிட்டயே வெல கேட்டீங்க?"

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா எத்தன வருஷம் அந்தத் தோட்ட லயத்துல இருந்தாரு? 31 வருஷம். ஒரு துண்டுக் கடதாசி இருந்துச்சா நம்மகிட்ட? செக்ரோல்ல பேர் இருந்தாத்தான் காம்பரா. அன்னைக்கு ஒர்லாண்டோவுல அந்த மேசையில உக்கார வச்சு, எம் முழுப் பேரையும் எழுத்துக் கூட்டிக் கேட்டு, அப்பா பேரையும் சேத்து எழுதி, உறுதிய கையில குடுத்தாங்க. அந்தக் கட்டடம் அப்பத்தான் கட்டி முடிச்சது. அந்த வாரத்துக்கு மொத ஆள் நாந்தான். எனக்கு முன்னாடி யாரும் அங்க இருந்து போகல, யாரும் வேணாம்னு விட்டுட்டுப் போகல. மகளுக்கும் அப்பிடித்தான் குடுக்கணும்னு நெனச்சேன்."

எனக்குப் பதில் இல்லை. செக்ரோல் என்றால் தோட்டத்தின் தொழிலாளர் பெயர்ப் பதிவு; காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒற்றை அறை. அந்தக் காம்பராவை நான் மறக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் இஸ்தோப்பு, மேலே துருப்பிடித்த தகரம். எங்களுக்கு முன்னால் அதில் யார் இருந்தார்கள் என்பது சுவரில் கரிப்பிடித்த இடத்தில் தெரியும். 1948இல் குடியுரிமை போன தலைமுறையின் பிள்ளை அப்பா. தோட்டங்கள் 1975இல் அரசாங்கத்துக்குக் கைமாறின, 1992இல் கம்பெனிகள் நிர்வாகத்துக்கு வந்தன. உறுதி கைமாறிக்கொண்டே இருந்தது, அதில் எங்கள் பெயர் ஒரு தடவையும் வரவில்லை. அண்ணன் கொடுத்த 19,000இல் எவ்வளவு அறைக்கு, எவ்வளவு அந்தப் பெயருக்கு என்று பிரித்துப் பார்க்க என்னிடம் ஏடு கிடையாது.

ஆனாலும் அன்று சொல்ல வராததை இப்போது எழுதுகிறேன். ஒரு உறுதியை நான் வாசிக்கும்போது இரண்டு கேள்வி கேட்பேன். இதை வைத்திருப்பவரை யாராவது எழுப்பி வெளியே அனுப்ப முடியுமா? இதை வைத்திருப்பவர் வேண்டாம் என்றால் விற்றுவிட்டுப் போக முடியுமா? தோட்டத்தில் வீட்டுக்கென்று ஏழு பேர்ச்சஸ் காணியை நம் ஆட்கள் கேட்பது முதல் கேள்விக்காக. அண்ணனின் உறுதி இரண்டாவது கேள்வியில் தோற்கிறது. எழுப்பி அனுப்பமாட்டார்கள் என்பதோடு, எழுந்து போகவும் விடமாட்டார்கள். நம் அப்பா செக்ரோலில் பெயர் இருக்கும்வரை காம்பராவில் இருந்தார். அண்ணன் பில் கட்டும்வரை அந்த வாரத்தில் இருக்கிறார். அந்த மேசையில் அவருக்குக் கிடைத்த மரியாதைக்கும் பெயருக்கும் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அந்தக் கடதாசி அந்த மரியாதைக்குத் தகுதியானதா என்பதில்தான் என் சண்டை.

ரீசேல் பற்றி நான் நினைத்ததும் தப்பு

அண்ணன் போன பிறகு இன்னும் வாசித்தேன். ரீசேல் என்று நான் சுலபமாகச் சொன்னதும் அவ்வளவு சுலபமில்லை. 1 டாலருக்கு வாங்குகிறவரும் அதே 1,260ஐக் கட்ட வேண்டும். ஒரு சதமும் கூடாது என்று வைத்துக்கொண்டாலும் 20 வருடத்துக்கு 25,200 டாலர். முதல் 19,000 மிச்சம் என்பது உண்மை, பெரிய மிச்சம். மீதி எல்லாம் ஒன்றுதான். பழைய உரிமையாளர் வைத்துப்போன பாக்கி வாங்குகிறவர் தலையில் வரலாம். அதனால் பாக்கி எவ்வளவு என்று நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் வாங்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது; இங்கே மாநகர சபை வரி கட்டிய ரசீது கேட்பது போலத்தான். முதலில் வாங்கும் உரிமையைக் கம்பெனி வைத்திருந்தால், பேசி முடித்த விலைக்கு அவர்களே எடுத்துக்கொள்ளவும் முடியும். நேராக வாங்கியவருக்குத் தரும் சில சலுகைகள் இரண்டாவது கைக்கு வருவதும் இல்லை. டிஸ்னியின் விடுமுறைக் கழகத்தில் 2019 ஜனவரி 19 முதல், பழைய விடுதிகளின் பங்கை ரீசேலில் வாங்கியவர் ரிவியேரா போன்ற புதிய விடுதியில், அந்தப் பங்குக்கு வாரத்துக்குப் பதிலாகக் கிடைக்கும் புள்ளிகளைப் பாவிக்க முடியாது. விற்க நினைப்பவர்களைத் தேடி வரும் கூட்டம் தனி. "வாங்க ஆள் ரெடி, முதலில் கட்டணத்தைக் கட்டுங்கள்" என்று ஃபோன் எடுப்பார்கள். கட்டிய பிறகு அந்த நம்பர் வேலை செய்யாது. அண்ணிக்கே இரண்டு தடவை வந்திருக்கிறது.

இருந்தும் என் தீர்ப்பு மாறவில்லை. வருடா வருடம் அதே இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிற குடும்பம், கட்டணம் வாடகையை விடக் கணிசமாகக் குறைவாக உள்ள நல்ல விடுதி, பாக்கி இல்லாத கடதாசி, இந்த மூன்றும் சேர்ந்தால் ரீசேலில் வாங்கலாம். கட்டியவரிடம் நேராக வாங்குவதற்கு நியாயம் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை. அண்ணன் சொன்ன நியாயம் ஒன்றைத் தவிர.

மகளின் கல்யாணம் போன டிசம்பரில் டொராண்டோவில் நடந்தது. 32ஆம் வாரத்தை அண்ணன் வாங்கவில்லை. நான் சொன்னதால் இல்லை. மகளிடம் கேட்டிருக்கிறார். அவள், "அப்பா, எனக்கு வேணாம். உங்களுக்குப் பிறகு 31ஆம் வாரமே என்கிட்ட வருமேன்னு கவலையா இருக்கு" என்றாளாம். தேனிலவுக்கு அவர்கள் அதே விடுதிக்குத்தான் போனார்கள், வேறொரு உரிமையாளரிடம் அவர் கட்டும் பராமரிப்புக் காசை மட்டும் கொடுத்து ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து. கடனில்லாமல், பில் பாக்கியில்லாமல் இருக்கும் உரிமையாளர்களிடமிருந்து சில கம்பெனிகள் உறுதியைத் திருப்பி எடுத்துக்கொள்வதுண்டு. அண்ணனின் கம்பெனிக்கு அப்படி எழுதிக் கேட்க ஒரு கடிதத்தை நான் வரைந்து அனுப்பியிருக்கிறேன். அது அவருடைய இன்பாக்ஸில் இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.

போன வாரம் ஃபோனில் பேசியபோதும் அதைப் பற்றி நான் எடுக்கவில்லை. அவர் வேறு கேட்டார். தோட்டத்தில் அம்மாவுக்குக் கிடைத்த வீடு, வீட்டுத்திட்டத்தில் கட்டியது, ஏழு பேர்ச்சஸ்.

"அம்மா வீட்டு உறுதி வந்துச்சா?"

"இன்னும் வரலண்ணே. பேர் மட்டும் எழுதிட்டுப் போயிருக்காங்க."

"எழுத்தெல்லாம் சரியா எழுதினாங்களா?"

அம்மாவின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன்.